கழுவி வெச்ச படகு

அந்தப் பையை எடுத்து மடியில வெச்சுக்க அம்மிணி. பைக்கும் சேத்தா டிக்கெட்டு எடுத்திருக்கற? சன்னல் சீட்டை நீயே வெச்சுக்க, எனக்கு வேண்டாம். எனக்கு உக்கார எடம் கெடைச்சாப் போதும். துணி மூட்டை மேல கெடக்கட்டும், உன்ற தலையில உழுகாது, பயப்படாத.

ஈரோட்டுக்குப் போறேன். பையன் ஊட்டுக்கு. ஓசூர்ல மக ஊடு. ஒரு வருசமா அங்கதான் இருந்தேன். இப்பத் தாட்டி உட்டுட்டாங்க, போன்னு தொரத்தியே உட்டுட்டாங்க. எதுக்குன்னு கேக்க மாட்டியா? காதுல என்னத்தையோ சொருகிட்டு உக்காந்திருக்கற. எடு அதை. பெரியவ ஒருத்தி பேசறா, அப்பறம் போட்டுக்கலாம்.

ஒரு பொம்மைப் படகைக் கழுவுனேன். அதுக்குத்தான்.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். திருடல, பொய் சொல்லல, யாரு குடியையும் கெடுக்கல. ஒரு பிளாஸ்டிக்குப் படகு, அழுக்காக் கெடந்துச்சு, நோம்பி நாளுன்னு கழுவுனேன். உங்க ஊட்லயும் ஆயுதபூசைக்கு சாமானெல்லாம் கழுவுவாங்கல்ல? அதேதான்.

என்ற மாப்பிள்ளை பேரு சந்திரமோகன். ஏதோ கம்பெனில இஞ்சினீரு. கட்டிக் குடுக்கறப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? பையன் பீடி சிகரெட்டு தொட மாட்டான், சீட்டாட மாட்டான், கூட்டாளிக பின்னால சுத்த மாட்டான், தங்கமான பையன்னாங்க. எல்லாம் சரிதான், ஒண்ணும் பொய்யில்ல. அதுக்குப் பதிலா என்ன பண்ணுவான்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல. சாங்காலம் ஊட்டுக்கு வருவான், கை கால் கழுவுவான், காப்பி குடிப்பான், உக்காந்து பொம்மை ஒட்டுவான். மீசை நரைக்கற வயசுல! டாங்கி, ஏரோபிளேனு, பீரங்கின்னு ஒரு அலமாரி முச்சூடும் அடுக்கி வெச்சிருக்கறான். கொலு வெக்கறவங்க ஊட்ல கூட அத்தனை இருக்காது. அதுலயாச்சும் நாலு சாமி பொம்மை இருக்கும். இதுல எங்க பாத்தாலும் துப்பாக்கி.

நான் எதுக்கு அங்க போய் உக்காந்தேன்னு கேளு. எங்க ஊட்டுக்காரரு போனதுக்கப்பறம் ஊடு, தோட்டம் எல்லாத்தையும் பையனுக்கு எழுதிக் குடுத்தேன். யுவராசு, அவன்தான் ஒரே பையன். அவன் பொண்டாட்டிக்கும் எனக்கும் ஆகாது. நான் தொட்ட கரண்டிய அவ மறுக்காக் கழுவுவா. ஒரு நாள் கேட்டே போட்டேன், என்ற கையில என்ன குஷ்டமான்னு. அதோட சரி. மக வந்து, "வாம்மா எங்கூட"ன்னு காருல ஏத்திட்டுப் போயிட்டா.

மக ஊட்ல போய் உக்காந்து சோறு உங்கறதுன்னா எங்க சனத்துல எத்தனை கேவலம் தெரியுமா உனக்கு? ஒறம்பரையா, விருந்தாளியாப் போனா ரெண்டு நாள் இருக்கலாம். பேறுகாலம் பாக்கப் போனா மூணு மாசம் இருக்கலாம். சும்மா போயி வருசக்கணக்குல கெடந்தா, மாப்பிள்ளை ஊட்டு நாயின்னு நேராச் சொல்ல மாட்டாங்க, கண்ணாலயே சொல்லுவாங்க.

அதனால நான் ஒரு நாளும் சும்மா உக்காரல. அதை மட்டும் ஒருத்தரும் சொல்ல முடியாது. விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு வாசக் கூட்டி, பாத்திரம் வெளக்கி, தரை தொடச்சு, பேன் எறக்கையக் கூட நாக்காலி போட்டு ஏறித் தொடைப்பேன். வேலைக்காரப் பொண்ணு ஒருத்தி வந்துட்டு இருந்தா. நான் தொடைச்ச எடத்துல அவளுக்கு என்ன வேலை? நின்னுட்டா. என்ற மக ஆசுபத்திரில லேபுல வேலை, நேரங்காலம் கெடையாது. அவ ஊட்டுக்கு வர்றப்ப ஊடு கண்ணாடியாட்ட இருக்கும்.

அதுக்கு இந்த மனுசன் என்ன சொல்லுவான் தெரியுமா? "எதுக்குங் அத்தை, சும்மா உக்காருங்க." தெனமும் இதேதான். சும்மா உக்காருங்க, சும்மா உக்காருங்க! எத்தனை கொழுப்பு பாரு. அப்பறம் ராத்திரி ஆனா, "சாப்பிட்டீங்களா அத்தை?" நான் உண்டனா உங்கலையான்னு இவன் எதுக்குக் கணக்கெடுக்கறான்? நான் எதையும் மூஞ்சிக்கு நேராச் சொல்றதில்ல. "உண்டாச்சுங் மாப்பிள்ளை"ன்னு மரியாதையாத்தான் சொல்லுவேன். வயித்தெரிச்சலெல்லாம் உள்ளுக்குள்ளதான்.

படகுக்கு வர்றேன் இரு. அவசரப்படாத.

ஆடி மாசம் ஒரு டப்பா வந்துச்சு. தொறந்தான். உள்ள என்ன இருக்குங்கற? பச்சைப் பிளாஸ்டிக்குச் சட்டம். கொத்துக் கொத்தா சின்னச் சின்ன சாமான் ஒட்டிட்டு இருக்குது, முருங்கக் கீரைக் கொத்தாட்ட. அதுல ஒண்ணொண்ணா வெட்டி எடுக்கோணுமாம். வெட்டுன எடத்த உப்புக் காயிதத்துல தேய்க்கோணுமாம். அப்பறம் ஒட்டோணுமாம். நான் கேட்டேன், "இது என்னங் மாப்பிள்ளை?" வியட்நாம் சண்டையில ஆத்துக்குள்ள ரோந்து போன பட்டாளத்துப் படகாம். நெசப் படகை முப்பத்தஞ்சுல ஒரு பங்காச் சுருக்கி வெச்சிருக்காங்களாம். ஒரு சாணும் நாலு விரலும் இருக்கும், அவ்வளவுதான். அதுல முன்னால ஒரு தொட்டி, தொட்டிக்குள்ள ரெட்டைத் துப்பாக்கி. பின்னால ஒரு துப்பாக்கி. நடுவுல ஓட்டறவனுக்கு ஒரு பந்தல். படகுக்கடியில தண்ணியத் தள்ளற விசுறி கெடையாதாம், தண்ணிய உறிஞ்சிப் பின்னால பீச்சித்தான் ஓடுமாம். நான் கேக்காமயே எல்லாத்தையும் சொல்லுவான். ஊட்ல கேக்க வேற ஆள் இல்ல. என்ற மக, "ம், ம்"னுட்டுத் தூங்கிப் போயிருவா.

அந்தத் துப்பாக்கி இருக்குதே, அது என்ற சுண்டு விரல் நீளங்கூட இல்ல. அதோட முனையில ஓட்டை போடறதுக்கு ஒரு சாங்காலம் முச்சூடும் உக்காந்திருந்தான். ஊசியாட்ட ஒரு ஆணிய விரல்ல வெச்சு உருட்டி உருட்டி. அந்தப் பொறுமைல பாதிய வெச்சு அந்தக் கக்கூசுக் கொழாய் ஒழுகறதைச் சரி பண்ணியிருக்கலாம். அது இன்னைக்கும் ஒழுகிட்டுத்தான் இருக்குது.

மெழுகுவத்தி மேல பிளாஸ்டிக்குக் குச்சியக் காட்டி இழுத்து, தலமுடியாட்ட நூலாக்கி, அதை நட்டு ஏரியலுங்கறான். மூஞ்சி தொடைக்கற காயிதத்தைக் கோந்துல முக்கிப் போட்டுத் தார்ப்பாயிங்கறான். கொழாய் ஓட்டை அடைக்கற எம்-சீலை உருட்டி அமுக்கி மணல் மூட்டைங்கறான். நான் ஒரு நாள் டீத்தூளைத் தேடறேன், காணோம். பாத்தா அந்தத் தார்ப்பாயிக்கு நெறம் ஏத்தறதுக்கு டிக்காசன் போட்டு வெச்சிருக்கறான், படகுக்கு! எனக்கு அன்னைக்குக் காப்பிதான்.

ஒரு நாள் கயிறு சுத்தறதுக்கு உக்காந்தான். படகுல கயித்தை வளையம் வளையமாச் சுத்தி வெப்பாங்கல்ல, அது. நூலை வெச்சுட்டுத் தடுமாறறான். விரல் உருண்டையா, மொளகா பஜ்ஜியாட்ட, அதுல எங்க நூலு நிக்கும்? நான் பூக் கட்டற கை. பத்துத் தடவ பாத்துட்டு, பொறுக்க மாட்டாம, "குடுங்க இங்க"ன்னு வாங்கி, மெழுகுல ஒரு இழுப்பு இழுத்து, குண்டூசியச் சுத்தி அத்தனையும் சுத்திக் குடுத்துட்டேன். முடிச்சுக் கூடப் போட்டேன். அப்படியே வாயப் பொளந்துட்டான். அப்பறம் அதுவே வேலையாப் போச்சு. "அத்தை, நங்கூரத்துக்கு ஒண்ணுங்." "அத்தை, பந்தக் காலுக்கு ஒண்ணுங்." சாங்காலமானா எனக்குன்னு ஒரு நாக்காலி, ஒரு லைட்டு, ஒரு பூதக்கண்ணாடி எல்லாம் போட்டு வெச்சிருப்பான். மாப்பிள்ளை ஊட்ல சும்மா உக்காந்து உங்கறமே, கேட்டதைச் செஞ்சு குடுப்போம்னு நானும் செஞ்சேன். போட்டோ புடிச்சு அவன் கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பி, கயிறு வேலை எங்க அத்தைதுன்னு வேற எழுதிப் போட்டானாம். கெழவிகிட்ட வேலை வாங்கறான்னு எத்தனை பேரு சிரிச்சானோ.

சரி, படகு முடிஞ்சுது. பச்சை பெயிண்டு அடிச்சான். மோட்டார் வெச்சுப் புஸ்ஸு புஸ்ஸுன்னு. அம்மிணி, பொய் சொல்லக் கூடாது. அழகா இருந்துச்சு. அப்படியே எலுமிச்சை எலைக் கலரு. நான் கூடச் சொன்னேன், "நல்லா இருக்குதுங் மாப்பிள்ளை"ன்னு. அதுக்குச் சிரிச்சுப் போட்டு, "இன்னும் அழுக்குப் பண்ணோணுங் அத்தை"ன்னான்.

அழுக்குப் பண்றதாமா!

நான் வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனைச்சேன். மறுநாள் உக்காந்தான் பாரு. காவிப் பொடி, கரிப் பொடி, சேத்துக் கலருப் பொடி, எல்லாத்தையும் பிரஷ்ஷுல தொட்டுத் தொட்டுப் படகு மேல தேய்க்கறான். துப்பாக்கி மேடைக்குத் துரு வெக்கறான். என்ற சமையக்கட்டுல இருந்து கல்லுப்பை எடுத்துட்டுப் போயி, துருக் கலரு மேல ஈரத்தோட ஒட்டி, அதுக்கு மேல பச்சை அடிச்சு, காஞ்சதும் உப்பைச் சொரண்டி எடுக்கறான். பெயிண்டு உதிந்தாப்பல தெரியுமாம். நான் சொன்னேன், "படகு பூராவும் துரு வெச்சுருங்களே, அதென்ன கஞ்சத்தனம்"ன்னு. அதுக்கு, "நெசப் படகு பைபருங் அத்தை, பைபரு துருப்புடிக்காது, இரும்பு மட்டுந்தான் புடிக்கும்"னான். சேத்துத் தண்ணி எது வரைக்கும் நிக்கும், பாசி எந்தக் கோட்டுல புடிக்கும், சிப்பாயி பூட்சு எந்த எடத்துல மிதிக்கும், எல்லாம் போட்டோவப் பாத்துப் பாத்து வெச்சான். புரட்டாசி பொறந்தும் அழுக்குத்தான். நான் ஒருத்தி அந்தப் பக்கம் கூட்டிக் கூட்டித் தொடைக்கறேன், இவன் ஒருத்தன் இந்தப் பக்கம் குந்திட்டு அழுக்குப் பண்றான். எப்படி இருக்கும் எனக்கு?

எதுக்குன்னா போட்டிக்கு. பெங்களூருல இந்த மாதிரி ஆளுகளெல்லாம் ஒண்ணாச் சேந்து கண்காட்சி வெப்பாங்களாம். போன வருசம் ஒரு டாங்கியத் தூக்கிட்டுப் போயிருக்கறான். அழுக்கு பத்தலைன்னு சொல்லிப் போட்டாங்களாம். நீ எங்கயாச்சும் கேட்டிருக்கறயா அம்மிணி? அழுக்குப் பத்தலைன்னு பரிசு குடுக்காம உட்டதை? அந்தக் கோவம் இவனுக்கு. இந்தத் தடவ உடறதில்லைன்னு மூணு மாசமா ஒரே நெனைப்பு. போட்டி என்னைக்கு? விசயதசமி அன்னைக்கு.

அதுக்கு நாலு நாள் முந்தி அவன் கூட்டாளிக ரெண்டு பேரு படகைப் பாக்க வந்தாங்க. நான் காப்பி கொண்டு போனேன். அதுல ஒருத்தன் எந்திரிச்சு நின்னு, "இவங்க?"ன்னான். இவன் சொல்றான், "எங்க அத்தைங்க. ஊர்ல இருந்து வந்திருக்காங்க."

வந்திருக்காங்களாம். ஒரு வருசமா அந்த ஊட்டுக் கக்கூசு முதக்கொண்டு கழுவறேன். வந்திருக்காங்க!

நான் காப்பி டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டேன்.

ஆயுதபூசை வந்துச்சு. மாப்பிள்ளை காத்தாலயே கம்பெனிக்குப் போயிட்டான், அங்க மிசினுக்கெல்லாம் பூசை. மக டூட்டி. ஊட்ல நான் மட்டும். அருவாமனை, கத்திரி, மிக்சி, தையல் மிசினு, ஸ்குரூ டிரைவரு எல்லாத்தையும் கழுவித் தொடச்சுப் பொட்டு வெச்சேன். லேப்டாப்புக்குக் கூட வெச்சேன். அப்பறம் அவன் மேசைக்குப் போனேன். தொழில் சாமான்னா எல்லாந்தானே? பிரஷ்ஷு, பெயிண்டு டப்பா, கத்தி, இடுக்கி, அந்தப் புஸ்ஸு புஸ்ஸு மோட்டாரு, ஒண்ணு உடாம எடுத்துட்டு வந்து சாமி முன்னால அடுக்குனேன். படகு நிக்குது. துப்பாக்கி வெச்ச படகு. ஆயுதம்னா அதை உட வேற எது ஆயுதம், நீயே சொல்லு. சேறும் துருவுமா நிக்கறதை அப்படியே சாமி முன்னால வெப்பாங்களா?

பாத்திரம் கழுவற சோப்பும், பழைய பல்லு வெளக்கற பிரஷ்ஷும் எடுத்தேன். கொழாயத் தொறந்து உட்டுத் தேய்ச்சேன் பாரு. சேறு போச்சு, பாசி போச்சு, துரு போச்சு. உள்ள இருந்து அந்தப் பழைய எலுமிச்சைப் பச்சை வந்துச்சு. தேய்க்கறப்ப ஏரியலு கையோட வந்துருச்சு. அதுக்கென்ன, சீமாத்துக் குச்சி ஒண்ணைச் சன்னமாச் சீவி நட்டேன், அதுதான் இன்னும் கெட்டி. ரெட்டைத் துப்பாக்கிக்கு ரெண்டு பொட்டு, பின்னாலதுக்கு ஒண்ணு, மூக்குல பெருசாச் சந்தனம் வெச்சு நடுவுல குங்குமம். பந்தல்ல ஒரு கண்ணி பூ. அம்மிணி, மாரியம்மன் தெப்பமாட்ட இருந்துச்சு.

என்ன கேட்ட? தெரிஞ்சேதான் கழுவுனனான்னா? தெரியாம என்ன? மூணு மாசம் பக்கத்துல உக்காந்து பாத்தவளுக்குத் தெரியாதா? போட்டி மறுநாள்னும் தெரியும். அதுக்காக நோம்பிய உட்டுர்றதா? உன்ற பேச்சு என்ற மக பேச்சாட்டவே இருக்குது.

சாங்காலம் வந்தான். கையில கம்பெனில குடுத்த பொரிப் பொட்டணம். செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தான், சாமியப் பாத்தான், படகைப் பாத்தான். நின்னுட்டான். நானும் சமையக்கட்டு வாசப்படியில நின்னுட்டேன். திட்டு வரட்டும்னுதான் நின்னேன். மூஞ்சியக் கல்லாட்ட வெச்சுட்டேன்.

"கழுவிட்டீங்களா அத்தை?"ன்னான்.

"ஆமாங் மாப்பிள்ளை. நோம்பியாச்சே."

கிட்டப் போயிக் குனிஞ்சு பாத்தான். அந்தச் சீமாத்துக் குச்சியத் தொடப் போயி, தொடல. "இது?"ன்னான். "பழசு ஒடிஞ்சு போச்சுங். இது நான் சீவுனது"ன்னேன். அப்பறம் என்ன சொன்னான் தெரியுமா?

"நல்லாருக்குதுங் அத்தை."

நல்லாருக்குதாமா! ஒருத்தன் மூணு மாசம் கண்ணு நோகச் செஞ்சதைக் கழுவி ஊத்திருக்கறேன், நல்லாருக்குதுங்கறான். பொரியக் கீழ வெச்சான், கை கால் கழுவுனான், வந்து கும்புட்டான், துண்ணூறு வெச்சுட்டான். எனக்கு அப்படியே பத்திட்டு வந்துச்சு.

அதுக்குள்ள மக வந்துட்டா. பாத்த ஒடனே சத்தம் போட்டா பாரு! "உனக்கு அறிவிருக்குதாம்மா? நாளைக்குப் போட்டிம்மா! எத்தனை நாள் உக்காந்தாருன்னு நீ பாத்தீல்ல?" நானும் உடுவனா? "பூசை சாமானைக் கழுவறது தப்பா"ன்னு நானும் ஏறுனேன். அவ அவன் பக்கம் திரும்பி, "நீங்க அந்தப் பெயிண்டை எடுங்க, இன்னும் நேரமிருக்குது, ஒக்காந்தா விடியறதுக்குள்ள பண்ணீரலாம்"னா. நான் உடல. பூசையில வெச்ச சாமானை நாளைக்கு மறுபூசை பண்ணித்தான் எடுக்கோணும், இன்னைக்குத் தொட்டாத் தொழிலுக்கே ஆகாதுன்னேன். அது உள்ளதுதான், நானாச் சொன்னதில்ல.

அவனுக்கு அந்தப் பெயிண்டை எடுக்க எத்தனை நேரமாகும்? என்னையத் தாண்டிப் போயி எடுத்திருக்கலாம். "போங்க அக்கட்ட"ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. "அத்தை சொல்றாங்கல்ல, இருக்கட்டும்"னான். அவ இன்னும் கத்துனா. அதுக்கு அவகிட்ட, "கோகிலா, விடு. அத்தைகிட்ட அப்படிப் பேசாத"ங்கறான்.

அம்மிணி, என்ற மக என்னையத் திட்டறா. நான் பெத்தவ, என்னைய அவ திட்டுவா, அவளை நான் திட்டுவேன். நடுவுல பூந்து வேண்டாம்னு சொல்றதுக்கு இவன் யாரு?

மறுநாள் போட்டிக்குப் போகல. யாரோ போன் பண்ணுனாங்க. "வர முடியலீங்க, ஊட்ல கொஞ்சம் வேலை"ன்னான். என்ன வேலை? டி.வி. பாத்துட்டு பொரி தின்னான். அதுதான் வேலை. நான் கழுவிப் போட்டேன்னு சொல்றதுக்கென்ன, வாய்ல கொழுக்கட்டையா? மத்தியானம் வடை சுட்டு வெச்சேன். "நல்லாருக்குதுங் அத்தை." வேணும்னே அதுல உப்பை அள்ளிப் போட்டிருந்தேன். அதுக்கும் நல்லாருக்குதாம்.

எங்க ஊட்டுக்காரரு இருந்தாரே, ஒருக்கா நான் மோட்டாரைப் போட்டுட்டுத் தூங்கிப் போயி, கெணத்துல தண்ணி வத்திக் காயிலு எரிஞ்சு போச்சு. தெரு முச்சூடும் கேக்கற மாதிரி கத்துனாரு. என்ற அப்பன் ஆத்தா வரைக்கும் இழுத்தாரு. நானும் பதிலுக்குப் பேசுனேன். கத்தி முடிச்சுட்டு, "சோத்தைப் போடு"ன்னாரு. போட்டேன். தீந்து போச்சு. ஒறம்பரைக்காரி எரிச்சிருந்தாத்தான், பரவாயில்லீங்கன்னு சொல்லி வழியனுப்பி வெப்பாங்க.

அதான் இன்னைக்குக் காத்தால கோயிலுக்குப் போறேன்னுட்டு மூட்டையோட கெளம்பி வந்துட்டேன்.

என்ன? அப்ப அவங்க தாட்டி உடலயான்னா? நீ ஒருத்தி, சட்டம் பேசறதுக்குன்னே வருவ. வாய்ல சொன்னாத்தான் தாட்டி உடறதா? ஒரு பேச்சு, ஒரே ஒரு பேச்சு கோவமாச் சொல்லாம, பல்லைக் கடிச்சுட்டு மரியாதை குடுத்தா அதுக்கு என்ன அர்த்தம்? நீ எப்படியும் போறவதானேன்னுதானே?

பையனுக்குச் சொல்லல. சொன்னா, "இப்ப வேண்டாம்மா, அடுத்த மாசம் வா"ம்பான். போயி வாசல்ல நின்னா உள்ள உட்டுத்தானே ஆகோணும். அங்க அந்தக் கரண்டி கழுவறவ இருக்கறா. இருக்கட்டும். எங்கயோ ஒரு மூலையில கெடந்துக்கறேன். வேற போக்கிடம் ஏது எனக்கு? ஊடுமில்ல, தோட்டமுமில்ல. கண்ணுல தூசி உழுந்துருச்சு, அந்தச் சன்னலைச் சாத்து.

பாரு, போனு அடிக்குது. மாப்பிள்ளைதான். அடிக்கட்டும். எடுக்க மாட்டேன்.

மறுக்காவும் அடிக்குது பாரு. போற எடத்துலயும் நிம்மதி இல்ல. ஏன் அம்மிணி, இதுல பச்சையை எந்தப் பக்கம் தள்ளோணும்? எனக்குக் காதுல வெச்சாப் பஸ்ஸு சத்தத்துல ஒண்ணும் கேக்காது, அந்த ஸ்பீக்கரைப் போட்டுக் குடு.

அலோ. ஆமாங் மாப்பிள்ளை. பஸ்ஸுலதானுங். கிருஷ்ணகிரி வந்துருச்சுங். இல்லீங்... இல்லீங் மாப்பிள்ளை, நான் சொல்றதைச் சித்தக் கேளுங்... கோயிலுக்குன்னுதான்... ஆமாங்... அதில்லீங்...

கேட்டியா அம்மிணி? கேட்டியா எப்படிக் கத்தறான்னு? "கோயில் கோயிலாத் தேடிட்டு வண்டிய ஓட்டிட்டுக் கெடக்கறேன், அறிவிருக்குதா உங்களுக்கு"ங்கறான். என்னையப் பாத்து! இரு, இன்னும் கத்தறான்.

அலோ. சொல்லுங்... சொல்லுங், கேட்டுட்டுத்தான் இருக்கறேன்... என்னது?

"மூணு மாசம் ஒட்டுனதைக் கழுவி நாசம் பண்ணுனீங்க, பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன், வடையில உப்பை அள்ளிக் கொட்டுனீங்க, தின்னு தொலைச்சேன், இப்பச் சொல்லாமக் கொள்ளாம ஓடிப் போறீங்களா, அங்க ஒருத்தி அழுதுட்டு நிக்கறா"ங்கறான்! ஓடிப் போறனாம் நான்! உப்புத் தெரிஞ்சிருக்குது பாரு அவனுக்கு! தெரிஞ்சுட்டே தின்னிருக்கறான்!

ஏனுங் மாப்பிள்ளை, இந்த மெரட்டற வேலையெல்லாம் எங்கிட்ட... அலோ? அலோ?

வெச்சுட்டான். என்னைய ஒரு பேச்சுப் பேச உடாம வெச்சுட்டான் அம்மிணி! பஸ்ஸுல அத்தனை பேரும் கேட்டாங்க. பாரு, அந்த முன் சீட்டுக்காரன் திரும்பிப் பாத்துச் சிரிக்கறான். என்னடா சிரிப்பு? எங்க ஊட்டுச் சண்டை, உனக்கென்ன?

ஏனுங் கண்டக்டரு! விசில் குடுக்காதீங்க, ஆளு எறங்கோணும்! ஈரோட்டுக்கு எடுத்தா ஈரோட்லதான் எறங்கோணும்னு சட்டமா? நிறுத்துங்க சொல்றேன்.

இத்தனை பேச்சுப் பேசிட்டு அவன் அங்க நிம்மதியா உக்காந்து சோறு உங்கறதா? நேர்ல போயி நாக்கைப் புடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்காம உட மாட்டேன். என்னைய யாருன்னு நெனைச்சான்? தள்ளு அம்மிணி, காலை மடக்கு. அந்த மூட்டையை எடுத்துக் குடு. வெசயாக் குடு, எதுத்தாப்பல ஓசூர் பஸ்ஸு நிக்குது.